ஐந்தாவது பெயர்

எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கு எந்த விண்ணப்பப் பாரம் வந்தாலும் கடைசியில் அது என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் வந்து சேரும். பள்ளி உதவிநிதி, நில வரி, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பிழை, எல்லாம்தான். செம்பனை ஆலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்துவிட்டு, நிம்மதியாக இருக்கலாம் என்று குளுவாங்கில் இந்த வீட்டை வாங்கினேன். ‘மதிவாணன் அண்ணன்கிட்ட குடுங்க, எழுதித் தருவாரு’ என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. முணுமுணுப்பேனே தவிர, ஒருவரையும் திருப்பி அனுப்பியது கிடையாது.

பேச்சியம்மாள் வந்தது மார்ச் மாதத்து வெயிலில். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று பக்கத் தாளை மேசைமேல் வைத்தார். ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் மகள் லோஷினி அதைத் தேடியெடுத்து அச்சடித்து அனுப்பியிருந்தாள். ஓர் அறவாரியம், குடியிருப்புகளில் பயிற்சி வகுப்பு நடத்த விரும்பும் ஆட்களுக்குச் சின்னதாக மானியம் கொடுக்கிறது. சங்கம் வேண்டாம், பதிவு வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து விண்ணப்பித்தால் போதும்.

என்ன வகுப்பு என்று கேட்டேன். சமையல் வகுப்பு என்றார். அட, நம் பெண்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க மானியமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ரத்தம் கழுவப் போறவங்க வீட்டுக்கு அண்ணே. அவங்களுக்கு ஆக்கிப்போடறவங்களுக்கு. ஆறு ஞாயித்துக்கிழம.”

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சிறுநீரகம் போனவர்கள் டயாலிசிஸுக்குப் போவதைத்தான் எங்கள் பக்கம் ரத்தம் கழுவுவது என்போம். அது பேச்சியம்மாள் வீட்டிலேயே இருந்தது. ஆனால் இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

அவர் கணவர் வீரமுத்து இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். விடிகாலை ஐந்து மணிக்குத் தாமான் தாமானாகப் போய்ப் பெண்களை ஏற்றி, மின்பொருள் தொழிற்சாலையில் இறக்குவார். சர்க்கரை வியாதி முற்றி, இரண்டு சிறுநீரகமும் படுத்துக்கொண்டதும் வேலை போயிற்று. ஆனால் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மனுஷன் இன்னும் அதே ஐந்து மணிக்கு, கம்பெனி கொடுத்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுப்பார். யாராவது எதிர்ப்பட்டால், பார்ட் டைம் லோரி ஓட்டப் போகிறேன் என்பார். கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த இடம் தெரியாமல் இருக்க, கொதிக்கிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

தாமானில் எல்லோருக்கும் தெரியும். நாற்பத்தாறு வீடு. எந்த வீட்டில் மீன் கருகுகிறது என்பதுகூட அடுத்த வரிசைக்குத் தெரிந்துவிடும் ஊர் இது. இது தெரியாதா? எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் வீரமுத்துவுக்குத் தெரியாது. தன் வாயால் சொல்லாத ஒன்றை ஒரு மனுஷனிடம் நாமாகப் போய் எப்படிக் கேட்பது? அவர் லோரி என்றால் நாங்களும் லோரி என்போம். பெட்ரோல் விலையைப் பற்றிக்கூட விசாரிப்போம்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம், அப்பனுக்கு இப்படி என்று வெளியே தெரியக்கூடாது என்பது அவர் சொல்லிக்கொண்ட காரணம். எனக்கென்னவோ அது பாதிதான். வீட்டில் சும்மா இருக்கிறான் என்று நாலு பேர் தன்னை இளப்பமாகப் பார்ப்பார்கள் என்ற பயம்தான் மீதிப் பாதி.

பேச்சியம்மாள் அன்று என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினார். முதல் வருஷம் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கொடுத்தார்கள், அதில் ரொட்டியும் பாஸ்தாவும் போட்டிருந்தது. நம் வீட்டில் யார் பாஸ்தா தின்கிறார்கள்? உடம்பு சூடு என்று கணவர் சொன்னதும், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மூன்று நாள் தொடர்ந்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் கணவருக்கு நெஞ்சு நின்று நின்று அடித்தது. இன்னும் ஒரு மணிநேரம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். இளநீரில் இருக்கும் பொட்டாசியம், வேலைசெய்யாத சிறுநீரகத்துக்கு விஷம்.

“என் கையாலயே குடுத்தேன் அண்ணே. பாசமா, கிளாஸ்ல ஊத்தி,” என்றார்.

அதற்கப்புறம்தான் படித்தார். நர்ஸ் மிஸியைக் கேட்டார், உணவியல் அதிகாரியைத் துளைத்தார், கைப்பேசியில் பார்த்தார். காய்கறியைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தாளிப்பே. உப்பு ஒரு சிட்டிகை. உப்பில்லாத குறை தெரியாமலிருக்கப் பூண்டு, மிளகு, எலுமிச்சை, கொஞ்சம் வறுத்த சீரகம். ஒரு பொரியலுக்கு ஒன்றரை மணிநேரம். அதைத் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரி பார்த்து என்ன இது என்று கேட்டுவிடக் கூடாதே என்று.

தான் செய்த தப்பை இன்னொருத்தி செய்யக்கூடாது. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

சரி என்று உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை மறுநாள் அவரிடம் வாசித்துக் காட்டினேன். செலவுப் பட்டியலில், பழக்கதோஷம், திறப்பு விழா என்று ஆரம்பித்திருந்தேன். சிறப்பு விருந்தினர், பொன்னாடை ஆறு, ரோஜா மாலை நான்கு, பதாகை, ஒலிபெருக்கி வாடகை. குத்துவிளக்கு எண்ணெயைக்கூட விட்டுவைக்கவில்லை. பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கறிகாய்க்கு எங்கே அண்ணே என்றார். தேடிப் பார்த்தேன். கறிகாயைக் காணோம். என் மனைவி உள்ளே இருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மாலையும் பொன்னாடையும் போய், முட்டைகோஸும் தராசும் கத்தியும் வந்தன.

ஏழாவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். ஐந்து செயற்குழு உறுப்பினர்களில் ஒருவராவது அதே குடியிருப்பில் அந்தப் பிரச்சினையை நேரடியாக அனுபவிக்கிறவராக இருக்க வேண்டும், எங்கள் விஷயத்தில் ஒரு நோயாளி. வகுப்பு விளம்பரத்தில் தொடர்புக்கு அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் வர வேண்டும். யாரோ எங்கிருந்தோ வந்து யாருக்கோ உபதேசம் செய்துவிட்டுப் போகக்கூடாதாம். நல்ல விதிதான், என்ன சொல்ல முடியும். பேச்சியம்மாள், நான், என் மனைவி, கோயிலில் பரிமாறும் ஐயாசாமி என்று நான்கு பேர் இருந்தோம். ஐந்தாவது கட்டம் வெறுமையாக இருந்தது.

வீரமுத்துவிடம் கேட்கும்போது நானும் கூட இருந்தேன். பேச்சியம்மாள் என்னைக் கேடயமாகத்தான் கூட்டிப்போனார். பாரம் என்றதும் வீரமுத்துவின் முகம் சுருங்கியது. மனைவி விஷயத்தைச் சொல்லி முடித்ததும், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“என் பேர ஊர் பூரா ஒட்டி, இவன் சீக்காளின்னு காட்டப் போறியா? நான் செத்ததுக்கப்புறம் ஒட்டு.”

பேச்சியம்மாள் எதிர்த்துப் பேசவில்லை. மகள் தொலைபேசியில் அழைத்து, என்னைக் காரணம் காட்டாதீங்கப்பா, இதுக்காக வேண்டாம்னு சொல்ற வீட்டுக்கு நான் போகவும் மாட்டேன் என்று கறாராகச் சொன்னாள். அதற்கும் மனுஷன் அசையவில்லை. வேறு தாமானில் யாராவது நோயாளி பெயரைப் போட்டுச் சமாளிப்போம் என்று நான் ஒரு குறுக்கு வழி சொன்னேன். பேச்சியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், முப்பத்தொரு வருஷக் கிராணி வேலையில் நான் எழுதிய பொய்க் கணக்கெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

“அவரு மனசார போட்டா போடட்டும் அண்ணே. இல்லாட்டி இந்தக் காசு நமக்கு வேணாம்.”

ஐந்தாவது கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்பினோம். பத்து நாளில் அறவாரியத்திலிருந்து சல்மா என்ற மலாய் அம்மையார், எங்கள் வழக்கில் புவான் சல்மா, அழைத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், மாதிரிக்கு ஒரு சமையல் செய்து காட்டுங்கள், ஐந்தாவது பெயரை அன்று பூர்த்தி செய்யலாம், அது இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார் தன்மையாக.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஐயாசாமி. இவர் தோசை வியாபாரி, எங்கள் கோயில் அன்னதானங்களில் பரிமாறும் குழுவுக்குத் தலைவர். அண்டா, கரண்டி, மேசை, ஆள் எல்லாம் அவர் கையில். போன வருஷம் பங்குனி உத்திரப் பந்தியில், வீரமுத்து இலைக்கு வரும்போது ஐயாசாமி வாழைப்பழத்தை வைக்காமல் தாண்டிப் போனார். பாயசமும் ஊற்றவில்லை. உருளைக்கிழங்கும் விழவில்லை. பந்தியில் ஒருத்தன் இலையைத் தாண்டிப் போவது என்றால் அது சாதாரண விஷயமா? வேலை போனதும் இவனுக்குக்கூட நான் இளப்பமாகிவிட்டேன் என்று வீரமுத்து நினைத்தார். பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து கோயில் பக்கம் போவதில்லை. ஐயாசாமி எதிரே வந்தால் இவர் காரைத் திருப்பிக்கொண்டு போவார். ஐயாசாமியும் விளக்கம் சொல்லப் போகவில்லை. சொன்னால் நோயைச் சொல்ல வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை தாமான் பொது மண்டபத்தில் பேச்சியம்மாள் காலை ஏழு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். முட்டைகோஸும் பீர்க்கங்காயும் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறின. முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் மிளகு போட்டு வறுத்தார். புவான் சல்மா பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். வந்ததும் நாற்காலியைத் தேடாமல், அடுப்படியில் நின்று, ஏன் இந்தத் தண்ணீரைக் கொட்டுகிறீர்கள், எத்தனை நிமிஷம் ஊறியது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பேச்சியம்மாளுக்கு மலாய் கரடுமுரடாகத்தான் வரும். ஆனால் அன்றைக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

தாமான் ஆட்கள் இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். வெளியாள் முன்னால் மனைவியைத் தனியாக விடக்கூடாது என்று வீரமுத்துவும் வந்து, கடைசி மேசையில் ஓரமாக உட்கார்ந்தார். நீலச் சட்டை, முழுக்கை.

இங்கேதான் எங்கள் ஆட்கள் செய்யக்கூடிய ஒரு தப்பு நடந்தது. செய்தவள் என் மனைவி. விருந்தாளியை உப்பில்லாத கோஸோடு எப்படி அனுப்புவது என்று, யாரையும் கேட்காமல், ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு வாளிப் பாயசமும் கொண்டுவந்துவிட்டாள். பொட்டாசியம் கூடாது என்று செய்து காட்டும் இடத்தில் வாழைப்பழம். பேச்சியம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. ஐயாசாமியின் ஆட்கள் இலை போட்டார்கள், சோறு விழுந்தது, கோஸ் விழுந்தது. ஐயாசாமியே வாழைப்பழக் கூடையை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார்.

வீரமுத்து இலைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். வைக்கவும் இல்லை, தாண்டவும் இல்லை. அவர் பின்னால் பாயசத்தோடு வந்தவர் நின்றார். வரிசையே நின்றது. பேச்சியம்மாள் கரண்டியோடு அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே,” என்றார் ஐயாசாமி. “போன வருஷம் உங்களக் கேக்காம தாண்டிப் போனது என் தப்பு. இன்னிக்குக் கேக்குறேன். வைக்கவா, வேணாமா?”

வீரமுத்து நிமிர்ந்து பார்த்தார். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர், ஐயாசாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கேட்டபோது குரல் இறங்கியிருந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“யாரும் பாக்கக்கூடாதுன்னு நீங்க பின்சந்துல காரை நிறுத்திட்டு ரத்தம் கழுவுற சென்டருக்கு மேல ஏறிப் போறீங்க. அந்தச் சந்துலதான் என் அக்கா வீடு. நான் விடியக்காலையில மாவு ஆட்டுறது அங்கதான். ரெண்டு வருஷமா ஜன்னல் வழியா பாத்துட்டுதான் இருக்கேன்.”

“அப்ப அன்னிக்குப் பந்தியில…”

“மிஸிகிட்ட கேட்டேன் அண்ணே, என்ன குடுக்கலாம், என்ன ஆகாதுன்னு. பழம் ஆகாது, உருளைக்கிழங்கு, பாயசம் ஆகாதுன்னாங்க. உங்களுக்குன்னு தனியா கோஸ் அவிச்சு, தண்ணிய வடிச்சு ஒரு தூக்குல எடுத்துட்டு வந்தேன். அதக் கொண்டுவரதுக்குள்ள நீங்க எந்திரிச்சிப் போயிட்டீங்க.”

வீரமுத்து எங்கள் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. நான் குனிந்துகொண்டேன். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் பெட்ரோல் விலை பேசியவன் நான்தானே.

“எல்லாருக்குமே தெரியுமா?” என்றார்.

அவர் மெதுவாகச் சட்டையின் கைப்பொத்தானைக் கழற்றினார். கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டார். கயிறு கயிறாகப் புடைத்த நரம்பும், நேற்றுக் குத்திய இடத்துப் பிளாஸ்திரியும் தெரிந்தன. ஐயாசாமியிடம், வேணாம்ப்பா, எனக்கு ஆகாது என்றார். பிறகு எதிர் மேசையில் இருந்த புவான் சல்மாவைப் பார்த்து மலாயில் சொன்னார்.

“சாயா யாங் சாக்கிட், புவான். நாமா சாயா துலிஸ் லா.”

நோயாளி நான்தான், என் பெயரை எழுதுங்கள் என்று கேட்டார். புவான் சல்மா பரிதாபமாக ஒன்றும் சொல்லவில்லை. பாரத்தை எடுத்து, அடையாள அட்டை எண்ணைக் கேட்டு, ஐந்தாவது கட்டத்தில் எழுதி, கையெழுத்துக்கு அவர் பக்கம் நகர்த்தினார். சாப்பிடும்போது தன் இலையில் இருந்த வாழைப்பழத்தைப் புவான் சல்மாவும் தொடவில்லை.

பேச்சியம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். என் மனைவி போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள், பாயச வாளியை வெறித்துப் பார்த்தபடி.

எல்லோரும் போன பிறகு அண்டா கழுவும் இடத்தில் வீரமுத்துவும் ஐயாசாமியும் நின்றார்கள். வீரமுத்துதான் முதலில் பேசினார்.

“ஒரு வருஷமா உன் மூஞ்சியில முழிக்காம சுத்தினேன்டா. நீ எனக்காக உக்காந்து கோஸ் அவிச்சிருக்க. உனக்கு நான் எப்படி நன்றி சொல்றது?”

“அவிச்சது என் அக்கா அண்ணே. தூக்கிட்டு வந்ததுதான் நான்,” என்றார் ஐயாசாமி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பேச்சியம்மாள் என்னிடம் சொன்னார். மறுநாள் விளக்கேற்றும் நேரத்தில் ஐயாசாமியின் அக்கா வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தேடிப்போய், ஒரு புடவை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மூன்று வாரத்தில் மானியம் கிடைத்தது. லோஷினி விளம்பரத் தாளைத் தயாரித்து அனுப்பினாள். கீழே, ‘தொடர்புக்கு: வீரமுத்து, டயாலிசிஸ் செய்துகொள்பவர்’ என்று போட்டு எண்ணும் போட்டிருந்தது. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாமா என்று நான் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். மளிகைக் கடை, கிளினிக், கோயில் வாசல், பஸ் நிறுத்தம் என்று தானே போய் ஒட்டினார்.

முதல் வகுப்பன்று நல்ல மழை. மண்டபத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். எல்லாம் அக்கம்பக்கத்துத் தாமான்களில் எங்களுக்குத் தெரிந்த வீடுகள், தெரிந்த நோயாளிகள். வாசலில் உட்கார்ந்து நான் வருகைப் பதிவு எழுதினேன். பேச்சியம்மாள் கோஸை எடுத்துப் பேச ஆரம்பிக்கும் நேரத்தில், எங்கள் தாமானின் கடைசி வரிசை வீட்டு வெள்ளையம்மா குடையோடு வந்து வாசற்படியிலேயே நின்றார். நான்கு வருஷமாக இங்கே இருக்கிறார், யாரோடும் அதிகம் பழகாதவர். கணவருக்கு அடுத்த மாவட்டத்து ஊரான பத்து பகாட்டில் செக்யூரிட்டி வேலை, வாரம் மூன்று நாள் ஷிப்ட். அப்படித்தான் நாங்கள் அறிந்திருந்தோம்.

சும்மா வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, உள்ளே வாங்கம்மா என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வீரமுத்துவைப் பார்த்தார்.

“நோட்டீஸ்ல உங்க பேரு போட்டிருந்துச்சு அண்ணே. அதைப் பாத்துட்டுதான் வந்தேன். எங்க வீட்டுக்காரரு பத்து பகாட் போறது செக்யூரிட்டி வேலைக்கு இல்ல. இங்க போனா யாராச்சும் பாத்துடுவாங்கன்னு மூணு வருஷமா அங்க போய் ரத்தம் கழுவுறாரு.”

எதிர்வீட்டு மீன் கருகுவதுகூடத் தெரிந்துவிடும் என்று பீற்றிக்கொண்ட எங்களில் ஒருத்தருக்கும் இது தெரியாது. மூன்று வருஷம். பக்கத்தில் ஒரு ஐயாசாமிகூட இல்லாமல், இந்த அம்மா தனியாக என்ன சமைத்தாரோ, யாரைக் கேட்டாரோ.

அவர் எங்கே என்று வீரமுத்து கேட்டார். காரில் இருக்கிறார், இறங்க மாட்டேன் என்கிறார் என்றார் வெள்ளையம்மா.

வீரமுத்து அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினார். காரின் கதவைத் தட்டினார். பிறகு குடையை மடக்கி, உள்ளே ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, உள்ளே நடப்பது தெரியவில்லை. நாங்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம் இருக்கும். இரண்டு பக்கக் கதவும் திறந்தன. ஒரு குடையில் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள்.

“நாலு பேரு கூடுற இடத்துல இவரு கால் வச்சு மூணு வருஷம் ஆச்சுக்கா,” என்று வெள்ளையம்மா பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “ரொம்ப நன்றிக்கா. ரொம்ப ரொம்ப நன்றி.”

பேச்சியம்மாள் அவரை அடுப்பு மேசைக்குக் கூட்டிப்போய், கையில் ஒரு கத்தியும் பாதிக் கோஸும் கொடுத்தார். “அழுவுறது அப்புறம் அழுவலாம். இத முதல்ல நல்லா பொடியா நறுக்குங்க,” என்றார்.

நான் பதிவேட்டில் இன்னும் இரண்டு பெயர் எழுதினேன்.